மாணவர் படம் யாருக்காக?

பாலு மகேந்திரா பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கத்தோடு 1969-இல் வெளியே வந்தார். மாணவராக இருந்தபோது எடுத்த அவருடைய பட்டயப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், 'செம்மீன்' எடுத்துப் பெயர் வாங்கியிருந்த ராமு காரியாட் தம்முடைய 'நெல்லு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய அவரை அழைத்தார். 1974-இல் திரைக்கு வந்த 'நெல்லு' அவருக்குக் கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதையும் பெற்றுத் தந்தது. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்த ஒருவர் ஒரு சின்னப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தென்னிந்திய சினிமாவுக்குள் நுழைந்த கதை இது. சினிமா படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால் இதிலிருந்து அவர்களில் பலர் எடுத்துக்கொள்ளும் பாடம், மாணவர் படம் ஒரு விசிட்டிங் கார்டு என்பது. தயாரிப்பாளர் கையில் கொடுக்க வேண்டியது, ஆகவே எங்கும் பிசிறில்லாமல் பளபளவென்று இருக்க வேண்டியது. இந்தப் பாடம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரியாட் போன்ற ஒருவர் அந்தப் படத்தில் தேடியிருக்கக்கூடியது, வெளிச்சத்தைப் பற்றி ஓர் இளைஞர் தாமாக எடுத்த முடிவுகளை. அப்படி முடிவெடுக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல ஆண்டுகளாக மாணவர் படங்களைப் பார்த்தும், எடுத்தவர்களோடு பேசியும் வந்ததில் எனக்குப் புலப்பட்ட பதில் இது: தான் எடுத்த காட்சியின் குறையைத் தானே உட்கார்ந்து அனுபவிக்கும்போதுதான் ஒருவர் படம் எடுக்கக் கற்கிறார். மாணவர் படம் அந்த அனுபவத்துக்காகவே இருக்கிறது. மற்ற பயன்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு வீட்டுச் சமையலறை, அம்மாவும் மகனும். வேலையை விட்டுவிட்டதை மகன் சொல்ல வந்திருக்கிறான். முதல் படம் எடுக்கும் மாணவர் பெரும்பாலும் இருவரையும் சேர்த்து ஒரு மாஸ்டர் ஷாட், அம்மாவுக்கு ஒரு க்ளோஸ்-அப், மகனுக்கு ஒரு க்ளோஸ்-அப் என்று பிரித்துக்கொள்வார். ஸ்பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வசனம் பிசகவில்லை, ஃபோகஸ் போகவில்லை, நடித்தவர்களுக்கும் திருப்தி. எடிட்டிங்கில் உட்கார்ந்ததும்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். "வேலையை விட்டுட்டேம்மா" என்று மகன் சொன்னதும் பார்வையாளருக்கு அம்மாவின் முகம் வேண்டும். அந்த ஒரு முகத்துக்காகத்தான் காட்சியே எழுதப்பட்டது. ஆனால் அம்மாவின் க்ளோஸ்-அப்பில் அவர் பேசும்போது மட்டும்தான் கேமரா ஓடியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை யாரும் எடுக்கவில்லை. அவருடைய கடைசி வசனம் முடிந்த கையோடு 'கட்' சொல்லியாகிவிட்டது. இன்னும் சில விநாடி விட்டிருந்தால் அந்தக் கண்களில் என்ன வந்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மாஸ்டரில் வலது கையில் இருந்த காபி டம்ளர் க்ளோஸ்-அப்பில் இடது கைக்குப் போயிருக்கிறது. இருவருக்கும் நடுவே இருப்பதாக வைத்துக்கொள்ளும் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டதால் இரண்டு முகமும் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள் என்ற எண்ணமே வரவில்லை. மாஸ்டர் எடுத்தபோது ஃபேன் ஓடியது, க்ளோஸ்-அப்பில் நிறுத்திவிட்டார்கள். வெட்டும் இடமெல்லாம் சத்தம் குதிக்கிறது. யாரும் பேசாமல் நிற்க, அந்த அறையின் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தால் கொஞ்சமாவது பூசி மறைத்திருக்கலாம். ரூம் டோன் வேண்டும் என்று ஒலிப்பதிவாளர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். இதில் எதுவும் பாடத்தில் சொல்லித்தராத விஷயம் கிடையாது. அந்தக் கோட்டைத் தாண்டாதே என்னும் 180 டிகிரி விதியைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி அந்த மாணவர் மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். இருந்தும், தான் ஆசையாக எழுதிய காட்சி தன் கண் முன்னால் உயிரில்லாமல் கிடப்பதைப் பார்க்கும் வரை அந்த விதி அவருடையதாக ஆவதில்லை. அடுத்த படத்தில் 'கட்' சொல்வதற்கு முன் அவர் கொஞ்சம் பொறுப்பார். கேட்பவர் முகத்தை முதலில் எடுத்துவிடலாமா என்று கேமராமேனைக் கேட்பார். இயக்குநரின் திறமை என்று நாம் வியப்பதில் பாதிக்கு மேல் இப்படிச் சேர்ந்த பழக்கங்கள்தான். ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் சரிசெய்ய முடியாமல் போன ஒரு காட்சி இருக்கிறது.

போலந்தின் வூட்ச் நகரத் திரைப்படப் பள்ளியில் கீஸ்லோவ்ஸ்கி மாணவராக எடுத்த இரண்டு சிறு படங்கள் இந்த இடத்தில் எப்போதும் என் நினைவுக்கு வரும். இரண்டும் 1966-ஆம் ஆண்டுப் படங்கள். மூன்றாவது முயற்சியில்தான் அந்தப் பள்ளியில் அவருக்கு இடமே கிடைத்தது. 'டிராம்' என்ற முதல் படத்தில் ஒலியே கிடையாது. விருந்திலிருந்து கிளம்பிய இளைஞன் ஒருவன் இரவு டிராமை ஓடிப்போய்ப் பிடிக்கிறான். உள்ளே ஒரு பெண். பார்வைகள் சந்திக்கின்றன, விலகுகின்றன, அவள் தூங்கிப்போகிறாள், அவன் இறங்கிவிடுகிறான், பிறகு மனம் கேட்காமல் டிராமின் பின்னால் ஓடுகிறான். அவ்வளவுதான். 'அலுவலகம்' என்ற இரண்டாவது படம் ஓர் அரசு அலுவலகத்தின் ஜன்னலைப் பற்றிய ஆவணப்படம். உதவித்தொகைக்காக வந்து நிற்கும் வயதானவர்கள், தாள்களைப் புரட்டும் கைகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் எழுத்தரின் குரல். பேசுபவரின் வாயும் கேட்கும் குரலும் பெரும்பாலும் பொருந்தியிருக்காது. படத்தின் மேல் குரல்கள் தனியாக மிதந்துகொண்டிருக்கும். வாழ்நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லும் குரல் கடைசியில் காதை விட்டுப் போகாது. முதல் படத்தில் ஒலி இல்லாமல் சொல்லும் பயிற்சி. இரண்டாவதில் ஒலியைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, அதற்கென்று ஒரு வேலை கொடுக்கும் பயிற்சி. ஒரே ஆண்டில் ஒரே கை செய்தவை. சினிமா என்ற பெரிய பொருளைத் துண்டுகளாக்கி, ஒரு துண்டை மட்டும் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு சமாளி என்று சொல்வதுதான் மாணவர் படத்தின் உண்மையான அமைப்பு. பிற்காலத்தில் 'டெக்கலாக்' எடுத்த மனிதர் கேட்கும் முகங்களை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்தவர்களுக்கு, அந்த ஊமை டிராமில் அவர் எதைக் கற்றார் என்று புரியும்.

ஆகவே கட்டுப்பாடு இல்லாத மாணவர் படம் பாதிப் பாடத்தை இழந்துவிடுகிறது. பிலிம் இருந்த நாளில் கட்டுப்பாட்டைத் தேடிப்போக வேண்டியதில்லை. 16 எம்எம் பிலிமில் 400 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடம்தான் ஓடும். பத்து நிமிடப் படத்துக்கு நாலைந்து சுருள் கிடைத்தால் பெரிய விஷயம். எந்த ஷாட் வேண்டும், எது வேண்டாம் என்பதை முந்தின நாளே தாளில் தீர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது மெமரி கார்டு நிறைந்தால் இன்னொன்று. ஒரு காட்சியை ஏழெட்டுக் கோணத்தில் எடுத்துக்கொண்டு வந்து, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய ஆள் பிலிம் காலத்துப் பெருமை பேசுகிறார் என்று இதைக் கேட்பவர்கள் சொல்லலாம். பிலிமுக்காக நான் வாதாடவில்லை. முடிவெடுக்கும் கட்டாயத்துக்காக வாதாடுகிறேன். அதை டிஜிட்டலிலும் உண்டாக்கலாம். 2024-இல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது, பூனாவில் தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பில் சிதானந்த நாயக் எடுத்த 16 நிமிடப் படம். கோழியைத் திருடிக்கொண்டு போய்விடும் ஒரு கிழவியைப் பற்றிய கன்னட நாட்டுப்புறக் கதை. கோழி இல்லாததால் ஊருக்குப் பொழுதே விடிவதில்லை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று பிரிவுக்கு ஒருவராக மாணவர்கள் கூடி ஆண்டு முடிவில் செய்ய வேண்டிய கூட்டுப் பயிற்சி அது. படப்பிடிப்புக்கு இருந்தது நான்கே நாள். விடியாத இரவு முழுவதையும் நான்கு நாளில் எடுத்தாக வேண்டும் என்றால் ஒவ்வொரு விளக்கையும் எங்கே வைப்பது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகத் தமிழில் எழும் முதல் குரல் வலுவானது. அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம்முடைய இயக்குநர்களில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரியிலும் பட்டயப் படம் எடுத்தவர்கள் அல்லர். புட்டண்ணா கனகாலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும் என்று உதவி இயக்குநர் வழியாகவே கை மாறி வந்த கலை இது. பாலு மகேந்திராவின் நிழலிலிருந்தே பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று ஒரு வரிசை வந்தது. அப்படியிருக்க மாணவர் படம் எதற்கு? உதவி இயக்குநர் வேலை கற்றுத்தருவதை எந்தக் கல்லூரியாலும் கற்றுத்தர முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நூறு பேர் நிற்கும் யூனிட்டை நகர்த்துவது, நடிகரின் கால்ஷீட்டுக்கு ஏற்றபடி காட்சியை மாற்றுவது, மழை வந்த நாளில் உள்ளே எடுக்கக் கூடியதைத் தேடுவது, இவையெல்லாம் பெரிய படத்தில் நின்றால்தான் வரும். ஆனால் அங்கே முடிவு குருவுடையது. காட்சி விழுந்தால் அதன் பழியும் அவருடையது. எடிட்டிங் அறையில் கேட்கும் முகம் கிடைக்காமல் தவிப்பவர் உதவி இயக்குநர் அல்ல. அவர் நல்ல முடிவுகள் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகுகிறார். சொந்தமாகத் தவறான முடிவெடுத்து அதன் விளைவோடு வாழ அவருக்கு முதல் படம் வரை வாய்ப்பில்லை. அந்த முதல் படத்தில் பிறர் பணம் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு படத்தோடு காணாமல் போன உதவி இயக்குநர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை, வென்றவர்களின் பட்டியலையே சொல்கிறோம். இன்னொன்றையும் யோசிக்கலாம். இவ்வளவு நல்ல சீடர்களை உதவியாளர் முறையிலேயே உருவாக்கிய பாலு மகேந்திரா, சன் தொலைக்காட்சியில் 'கதை நேரம்' செய்த காலத்தில் தம் உதவியாளர்களைச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கி எழுதவைத்தார். 2007-இல் 'சினிமாப் பட்டறை' என்று தனியாக ஒரு பள்ளியே தொடங்கினார். கூட நின்று பார்த்தால் மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

சத்யஜித் ரே எந்தப் பள்ளியில் படித்தார் என்பது அடுத்த கேள்வி. எங்கும் இல்லை. அவருடைய ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவும் 'பதேர் பாஞ்சாலி'க்கு முன் சினிமா கேமராவை இயக்கியவர் அல்லர்; அப்போது அவருக்கு 21 வயது. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால், அது என் வாதத்தைத்தான் தாங்கிப்பிடிக்கிறது. 1952 அக்டோபரில் தொடங்கி 1955 வரை விட்டு விட்டு நடந்த வேலை. முதல் நாள் நாணல் காட்டில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு பருவம் வரை காத்திருந்து மீதியை எடுத்தார். பணமில்லாமல் நின்ற மாதங்களில் எடுத்ததைப் போட்டுப் பார்க்கவும், அடுத்ததை மாற்றி யோசிக்கவும் அவருக்கு நேரம் இருந்தது. வேறு வேலையில் இருந்துகொண்டே, தெரியாத ஆட்களோடு, கிடைத்த பணத்தில், எடுத்துப் பார்த்துத் திருத்தித் திருத்தி முடித்த படம் அது. கல்லூரி இல்லாத மாணவர் படம் என்று அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாக வந்தவர்களுக்கும் இது பொருந்தும். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அங்கே குறித்த காலத்துக்குள் குறும்படங்கள் எடுத்து, நடுவர்கள் முன் போட்டுக் காட்டி, நேருக்கு நேராக விமர்சனம் கேட்டார்கள். 'பீட்சா'வும் 'காதலில் சொதப்புவது எப்படி'யும் 2012-இல், 'சூது கவ்வும்' 2013-இல் வந்தபோது, இத்தனை புதியவர்களுக்கு எப்படி இவ்வளவு கைப்பழக்கம் என்று ஆச்சரியப்பட்டவர்கள், அவர்கள் அதற்கு முன் எடுத்துத் தள்ளிய சிறு படங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு சுவரும் ஒரு சான்றிதழும் தேவை என்று நான் சொல்லவில்லை. கெடு, கட்டுப்பாடு, முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள், மறுபடி எடுக்க ஒரு வாய்ப்பு, இந்த நான்கும் தேவை.

மாணவர் படங்கள் எல்லாமே எங்கோ பார்த்ததின் நகல் என்ற குறை அடிக்கடி கேட்பது. உண்மைதான். ஆனால் குறையாகச் சொல்ல அதில் எதுவுமில்லை. மாஸ்கோவின் விகிக் திரைப்படப் பள்ளியில் மிகைல் ரோமின் வகுப்பில் 1956-இல் தார்கோவ்ஸ்கி சக மாணவர்களோடு சேர்ந்து எடுத்த முதல் படம் ஹெமிங்வேயின் 'கொலைகாரர்கள்' கதை. அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை, தொப்பி போட்ட கொலைகாரர்கள், கறுப்பும் வெள்ளையுமாக நிழல்கள். இரவல் இல்லாத அங்குலம் ஒன்றுகூட அதில் இல்லை. அதே ஆள் 1960-இல் பட்டயப் படமாகச் செய்த 'ஸ்டீம் ரோலரும் வயலினும்' பார்த்தால், தண்ணீரும் கண்ணாடியும் வெளிச்சமும் அவருடையவை ஆகிவிட்டிருக்கும். 1962-இல் 'இவானின் குழந்தைப் பருவம்' வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. இரவல் வாங்கிய உருவத்தில் காட்சியைக் கட்டிப் பழகியதால்தான் தன்னுடையது எது என்று பிரித்தறிய முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டயப் படத்தில் கிடைத்த இன்னொரு பெரிய செல்வம் ஒளிப்பதிவாளர் வதீம் யூஸவ். 'ஆந்திரேய் ருப்ளேவ்', 'சோலாரிஸ்' வரை அவர்கள் பிரியவில்லை. நியூயார்க்கில் ஸ்பைக் லீ 1983-இல் எடுத்த பட்டமேற்படிப்புப் படத்துக்குக் கேமரா பிடித்த சக மாணவர் எர்னஸ்ட் டிக்கர்சன், 'மால்கம் எக்ஸ்' வரை கூடவே வந்தார். சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்த்ராஜ் இயக்க, 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்தபோது, தமிழ்நாட்டுத் திரையரங்குகள் ஒரு மாணவர் கூட்டத்தின் பலத்தைக் கண்டன. யாரோடு சண்டை போட்டாலும் மறுநாள் வேலை செய்ய முடிகிறது என்பது முதல் படத்தில்தான் தெரியவருகிறது. அந்த அறிவை எந்த விரிவுரையும் தராது.

செலவு பற்றிய எதிர்ப்பு மற்றவற்றைவிடக் கனமானது. கேமரா வாடகை, லைட், சாப்பாடு, வண்டி என்று சிக்கனமாக எடுத்தாலும் ஒரு குறும்படம் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். வசதியுள்ள பிள்ளையின் படத்தில் டிரோன் பறக்கும். இல்லாத பிள்ளை வகுப்பில் மற்றவர் படத்துக்கு க்ளாப் அடித்துவிட்டுப் போய்விடுவார். இது அநியாயம். இதை வைத்து மாணவர் படமே வசதியானவர்களின் விளையாட்டு என்று முடிவு கட்டினால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அநியாயம் நடக்கும். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு பிலிமே கிடைக்காத காலத்தில் குலெஷோவ் மாஸ்கோவில் ஒரு பட்டறை நடத்தினார். கேமராவில் போட ஒன்றுமில்லாததால் மாணவர்கள் 'பிலிம் இல்லாத படங்கள்' செய்தார்கள். காட்சியை ஷாட் ஷாட்டாக உடைத்து, மேடையில் ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார்கள்; எங்கே வெட்டுவது என்பதை உடம்பால் கற்றார்கள். புதோவ்கினும் பார்னெட்டும் அந்தப் பட்டறையில் இருந்தவர்கள். 1924-இல் பிலிம் கிடைத்து அதே குழு 'மிஸ்டர் வெஸ்ட்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தபோது, இந்தப் பயிற்சியெல்லாம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. இன்றைக்கு ஒரு போனும் ஒரு மேஜையும் இருக்கும் அறையில் இதைவிட அதிகம் செய்யலாம். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே அறை, ஒரே நாள் என்று விதித்துவிட்டால் பணத்தின் சலுகை பெருமளவு போய்விடும். இந்த விதியை ஒரு கல்லூரி தன் விருப்பத்தாலேயே போட முடியும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

விசிட்டிங் கார்டு மனப்பான்மை என்ன கெடுதல் செய்கிறது என்பதும் இங்கேதான் தெரிகிறது. படம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், மாணவர் வெளியிலிருந்து அனுபவசாலி கேமராமேனைக் கூட்டிக்கொண்டு வருகிறார், தொழில்முறை எடிட்டரிடம் கொடுத்துவிடுகிறார். அந்த எடிட்டர் கெட்டிக்காரர். கேட்கும் முகம் இல்லாத இடத்தில் ஜன்னலையோ அடுப்பையோ வைத்து மறைத்துவிடுவார், ஒலி குதிக்கும் இடத்தில் இசையை ஊற்றிவிடுவார். படம் விழாவுக்குப் போகும், பரிசும் வாங்கலாம். ஆனால் தான் எதை எடுக்கத் தவறினோம் என்பது அந்த மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளில் இறுதியாண்டு படத்துக்கு மதிப்பெண் போடும்போது, முடிந்த படத்தை மட்டும் பார்த்துப் போட்டால் இந்த ஏமாற்றுக்கு நாமே பரிசு கொடுத்ததாகும். வெட்டாமல் எடுத்தபடியே இருக்கும் ரஷஸ் முழுவதையும், மாணவரே தொகுத்த முதல் வடிவத்தையும், அதைப் பார்த்தவர்கள் சொன்னதற்குப் பிறகு செய்த இரண்டாம் வடிவத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கே அதிக மதிப்பெண். தங்கள் அரைகுறை ஃபுட்டேஜை ஆசிரியர் பார்ப்பது மாணவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், தைரியம் போய்விடும் என்று சிலர் தயங்குகிறார்கள். ஒருவருடையது மட்டும் காட்டப்பட்டால் அப்படி ஆகலாம். வகுப்பில் எல்லாருடைய ரஷஸும் ஒரே நாளில் திரையில் ஓடினால், கேட்கும் முகம் எடுக்காதவர் தாம் ஒருவர் மட்டும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். அதோடு, ஒருவரின் ரஷஸை இன்னொருவர் தொகுக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியும் சேர்த்தால், கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போதே மறுநாள் அதை வெட்டப்போகும் நண்பனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசிக்கும் பழக்கம் அந்த வகுப்பில் வந்துவிடும்.